ஏழெட்டுச் சட்டை நனைக்கும் மகளும், காலர் காயாத மூன்றரை வயதுப் பையனும்

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். எட்டு மாதப் பெண் குழந்தை. மூன்றாவது மாதத்தில் ஆரம்பித்த ஜொள்ளு இன்னும் நின்றபாடில்லை. நாளைக்கு ஏழெட்டுச் சட்டை மாற்றுகிறீர்கள். கழுத்து மடிப்பு சிவந்து கிடக்கிறது. பல் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. இதெல்லாம் பல் வருவதற்குத்தானா, உடம்பில் நீர் வற்றிவிடுமா, நிறுத்த மருந்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், "அக்கா பையனுக்கு மூன்றரை வயசு, அவனுக்கும் காலர் எப்பவும் ஈரம்தான், எங்க குடும்பமே இப்படித்தான் போல" என்று கடைசியில் ஒரு வரி.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. உங்கள் மகளைப் பற்றி, அந்தக் கழுத்தைத் தவிர, பெரிய கவலை இல்லை. ஆனாலும் மகளிடமிருந்தே தொடங்குவோம். அவள் வாயில் நடப்பது புரிந்தால் பையன் விஷயம் பாதி விளங்கிவிடும்.

குழந்தைகளுக்கு மெல்லவும் விழுங்கவும் பேசவும் பயிற்சி கொடுப்பது என் வேலை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது என் சட்டையில் ஏதாவது ஒரு குழந்தையின் எச்சில் காய்ந்திருக்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஜொள்ளு வடிகிற குழந்தைக்கு எச்சில் அதிகமாகச் சுரக்கிறது என்றுதான் கிட்டத்தட்ட எல்லாப் பெற்றோரும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. சுரப்பது எல்லாருக்கும் சுரப்பதுபோலத்தான் சுரக்கிறது. சுரந்ததை விழுங்கத்தான் இன்னும் பழகவில்லை. குழாயைக் குறை சொல்லிப் பயனில்லை, வடிகால் இன்னும் வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நமக்குக் காதுக்கு முன்னால் ஒரு ஜோடி, தாடைக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி என்று மூன்று ஜோடிப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. இவை போக உதடு, கன்னம், அண்ணம் எங்கும் சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில் உண்டு. வளர்ந்த ஒருவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அவ்வளவும் எங்கே போகிறது? யோசிக்காமலே விழுங்கிக்கொண்டே இருக்கிறோம், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. இதைப் படிக்கும்போதே இரண்டு தடவை விழுங்கியிருப்பீர்கள். இனிமேல் கொஞ்ச நேரத்துக்குக் கவனம் அங்கேயேதான் இருக்கும், மன்னிக்கவும்.

இந்த ஒரு விழுங்கலுக்கு எத்தனை வேலை நடக்க வேண்டும் பாருங்கள். வாயில் ஈரம் சேர்ந்திருக்கிறது என்று முதலில் உணர வேண்டும். உதடு மூட வேண்டும். தாடை ஆடாமல் நிற்க வேண்டும். நாக்கு எச்சிலை நடுவில் குவித்துப் பின்னால் தள்ள வேண்டும். இது அத்தனையும் மூக்கால் மூச்சு விட முடிந்தால்தான் நடக்கும். பால் குடிக்கும்போது குழந்தை அழகாக உறிஞ்சி விழுங்குகிறதே என்று கேட்கலாம். அது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல். வாயில் எதுவும் இல்லாத நேரத்தில், தானாக ஊறும் நீரைக் கவனித்து விழுங்குவது வேறு. அது மாதக்கணக்கில் கூடிவர வேண்டிய பழக்கம்.

இரண்டு மூன்று மாதத்தில் எச்சில் சுரப்பு நன்றாகக் கூடுகிறது. அதே சமயத்தில்தான் குழந்தை தன் கையைக் கண்டுபிடித்து வாய்க்குள் திணிக்க ஆரம்பிக்கிறது. வாயில் எது போனாலும் எச்சில் ஊறும், அது கையாக இருந்தாலும் பொம்மையாக இருந்தாலும் சரி. முன்பல் என்ற அணையும் இல்லை. கவிழ்ந்து படுக்கவும், அப்புறம் உட்காரவும் தொடங்கினால் ஊறியது முன்பக்கமாக வழியத்தானே செய்யும்?

பல்லுக்கு வருவோம். முதல் பல் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாவது மாதத்தை ஒட்டி வருகிறது. சிலருக்கு நான்கிலேயே வந்துவிடும், சிலருக்கு ஒரு வயதை நெருங்கும். மூன்றாவது மாதம் ஜொள்ளைப் பார்த்து "பல் வரப்போகுது" என்று யாராவது சொல்வார்கள். ஏழாவது மாதம் பல் வந்ததும் "அப்பவே சொன்னேனே" என்பார்கள். மழை வரும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தால் ஒருநாள் பலிக்காமலா போகும்? உங்கள் மகளுக்கு எட்டு மாதத்தில் பல் இல்லை என்பது கவலைப்படும் விஷயமே இல்லை. ஒன்றரை வயதாகியும் ஒன்றுகூட வரவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டினால் போதும்.

அதற்காகப் பல்லுக்கும் ஜொள்ளுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 125 குழந்தைகளை அவர்கள் பெற்றோரையே தினமும் குறிப்பெழுத வைத்துக் கவனித்த ஓர் ஆய்வு வந்தது. பல் வெளியே வரும் நாளுக்கு முன்னும் பின்னுமாக ஒரு எட்டு நாளில் ஜொள்ளு, கடித்தல், ஈறைத் தேய்த்தல், சிணுங்கல் எல்லாம் கொஞ்சம் கூடியது. ஆனால் கடுமையான காய்ச்சல் கூடவில்லை. இந்த அறிகுறிகளை வைத்து இன்று பல் வரும் என்று சொல்லவும் முடியவில்லை. ஆகவே ஒரு வாரம் ஜொள்ளு அதிகமாக இருந்தால் பல்லாக இருக்கலாம். ஐந்து மாதமாக வடிந்தால் அது பல் இல்லை. காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் பல்லின் தலையில் கட்டவே கூடாது. "பல்லுக்குத்தான்" என்று இரண்டு நாள் பொறுத்திருந்துவிட்டு, காதில் சீழோ சிறுநீரில் தொற்றோ இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீர் வற்றிவிடுமா என்பதற்கு: வற்றாது. நன்றாகப் பால் குடித்து, நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிற குழந்தைக்கு ஜொள்ளினால் நீரிழப்பு வராது. பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறான நிலைமைக்குத்தான். எப்போதும் வடிந்துகொண்டிருந்த வாய் திடீரென்று காய்ந்து ஒட்டினால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், டயப்பர் மணிக்கணக்காக நனையாமல் இருந்தால், அதுதான் நீரிழப்பு. ஜொள்ளை ஈடுகட்டுகிறேன் என்று ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கவும் வேண்டாம்.

நிறுத்த மருந்து? ஆரோக்கியமாக இருக்கும் எட்டு மாதக் குழந்தைக்கு அப்படி எதுவும் கிடையாது, தேவையும் இல்லை. எச்சிலைக் குறைக்கும் மருந்துகள் உலகத்தில் உண்டு. அவை வேறு குழந்தைகளுக்கு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது அந்தக் கழுத்து. இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் குழந்தைக்கு உண்மையிலேயே வலிப்பது இது ஒன்றுதான். எச்சில் வெறும் தண்ணீர் இல்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி முதலாகப் பல பொருள்கள் அதில் இருக்கின்றன. கூடவே பால் மிச்சமும் சேர்கிறது. எப்போதும் நனைந்திருக்கும் தோல் ஊறி மெலிந்துவிடும். அதன் மேல் சட்டைக் கழுத்தோ நம் கைத்துண்டோ உராய்ந்தால் சிவந்து, பொரிந்து, சில சமயம் வெடித்துவிடும். வாயைச் சுற்றி, முகவாயில், கன்னத்தில், கழுத்து மடிப்பில், நெஞ்சின் மேல்பகுதியில் இது வரும்.

துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை துடைத்தால், எவ்வளவு மிருதுவான துணியானாலும் அது உப்புத்தாள்தான். மெல்லிய பருத்தித் துணியை வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தால் போதும். வாசனை போட்ட ஈரத் துடைப்பான்களை முகத்துப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கழுத்து மடிப்பைச் சுத்தம் செய்வதைப் பல பேர் சரியாகச் செய்வதில்லை, குழந்தை விடவும் விடாது. நான் சொல்லித்தருகிற முறை இது. நீங்கள் உட்கார்ந்து குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்துக்கொள்ளுங்கள், தலை உங்கள் முழங்கால் பக்கம் இருக்கட்டும். ஒரு கையைத் தோளுக்கு அடியில் கொடுத்துச் சற்றே உயர்த்தினால் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்து மடிப்பு தானாக விரியும். மேலே சுவரில் எதையாவது காட்டச் சொல்லி வீட்டில் ஒருவரை நிறுத்தினால் இன்னும் சுலபம். விரிந்த மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். வெள்ளையாகத் திரிந்த பால், ஒரு நூல் இழை, புளித்த வாடை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், காய்ந்த துணியால் இன்னொரு தடவை ஒற்றுங்கள். அப்புறம் ஒரு நிமிஷம் காற்று படும்படி அப்படியே விடுங்கள். எல்லாரும் தவறவிடுவது இந்த ஒரு நிமிஷத்தைத்தான். ஈரத்தின் மேல் களிம்பு பூசினால் ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும்.

காய்ந்த பிறகு வாயைச் சுற்றியும் முகவாயிலும் வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிதாகப் பூசலாம். மடிப்புக்குள் துத்தநாக ஆக்சைடு களிம்பு நல்லது, அதுவும் மெல்லிதாக. எப்போது பூசுவது என்பது முக்கியம். சிவந்த பிறகு மருந்தாகப் பூசுவதைவிட, பால் கொடுப்பதற்கும் ஊட்டுவதற்கும் முன்னால், தூங்க வைப்பதற்கு முன்னால் காப்பாகப் பூசினால் எச்சில் தோலைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பவுடர் வேண்டவே வேண்டாம். மடிப்பில் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகித் தோலை அறுக்கும், மூச்சில் போனால் நுரையீரலுக்கும் கெடுதல்.

இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் சாதாரணச் சிவப்பு மங்கிவிடும். மங்காமல் மாட்டிறைச்சி நிறத்தில் பளபளவென்று சிவந்து, ஓரத்தைத் தாண்டிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தனியாகத் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கும். அதற்கு மருத்துவர் தரும் பூஞ்சைக் களிம்புதான் கேட்கும், எத்தனை நாள் ஜெல்லி பூசினாலும் போகாது. தேன் நிறத்தில் பொருக்கு கட்டினால் பாக்டீரியா, அதற்கும் மருத்துவர்தான். வீட்டில் யாருக்கோ எழுதித் தந்து மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்துப் பூசுவது நான் அடிக்கடி பார்க்கிற தப்பு. முதல் நாள் வெளுக்கும், ஒரு வாரத்தில் பூஞ்சை முன்னைவிட ஜோராகப் பரவியிருக்கும்.

புளிப்பான பழம் சாப்பிட்ட பிறகு அது பட்ட இடம் மட்டும் சிவந்து அரை மணியில் மறைந்தால் பெரும்பாலும் வெறும் எரிச்சல்தான். உடம்பில் வேறு இடங்களில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று வந்தால் அது ஒவ்வாமை, உடனே பார்க்க வேண்டும்.

ஏழெட்டுச் சட்டை மாற்றுவதற்குப் பதிலாக, கழுத்தில் கட்டிவிடும் பிப் துணியை மாற்றுங்கள். மேல்பக்கம் பருத்தி, நெஞ்சுப் பக்கம் ஈரம் இறங்காத படலம் உள்ளதாக இருந்தால் நெஞ்சு காய்ந்திருக்கும். சொட்டச் சொட்ட நனையும் வரை விடாமல், தொட்டால் ஈரம் தெரிகிறபோதே மாற்றுங்கள். நனைந்த பிப், இல்லாததைவிட மோசம், ஈரத்தைத் தோலோடு ஒட்ட வைத்துக்கொண்டிருக்கும். தூங்கும்போது கட்டாயம் கழற்றிவிட வேண்டும். கழுத்தில் இறுகலாம், முகத்தில் ஏறி மூச்சை அடைக்கலாம். சோப்புத்தூள் தோலை அரிக்கும் என்பதால் பிப்பை இன்னொரு தடவை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ஈறு நமநமவென்றிருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் குளிர்ந்த கடிப்பான் கொடுக்கலாம். உறைய வைத்தது வேண்டாம், ஈறில் ஒட்டிக் காயமாக்கும். நன்றாகக் கழுவிய விரலால் ஈறைத் தேய்த்துவிடுவதே பல சமயம் போதும். மரத்துப்போக வைக்கும் ஈறு ஜெல்களை வாங்காதீர்கள். பென்சோகெயின் கலந்தவை இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அவற்றை விற்பதை நிறுத்தச் சொல்லி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் கறாராகச் சொன்னது. எச்சிலோடு அந்த ஜெல் நிமிஷத்தில் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது தனிக்கதை. பல்வலிக்கென்று விற்கும் மணிமாலைகளும் அப்படித்தான். கழுத்தை இறுக்கும், மணி அறுந்தால் தொண்டையில் சிக்கும், வலிக்கு ஒன்றும் செய்யாது.

இவ்வளவு நேரம் சாதுவான ஜொள்ளைப் பற்றிப் பேசினேன். சாதுவல்லாத ஒன்று இருக்கிறது, அதை அவசியம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் வடிகிற குழந்தைக்கு வடிவது செய்தி இல்லை. வடியாத குழந்தைக்குத் திடீரென்று வடிந்தால்தான் செய்தி. விழுங்க முடியவில்லை, விழுங்கினால் வலிக்கிறது என்று அந்தக் குழந்தை சொல்கிறது.

அதிகம் பார்ப்பது வாய்ப்புண். கை, கால், வாய் நோயிலோ வேறு வைரஸ் தொற்றிலோ வாய்க்குள் கொப்புளம் வந்து, சாப்பாட்டை ஒதுக்கி, எச்சிலைக்கூட விழுங்காமல் ஒழுக விடுவார்கள். பெரும்பாலும் தானாக ஆறும். குளிர்ந்ததாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்து, சிறுநீர் போகிறதா என்று பார்த்துக்கொண்டு, மருத்துவரிடம் காட்டினால் சரி.

காய்ச்சலோடு ஜொள்ளு வடிந்து, மூச்சு இழுக்கும்போது கரகரவென்றோ கீச்சென்றோ சத்தம் கேட்டு, குழந்தை படுக்க மறுத்து முன்னால் குனிந்து முகவாயை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது அவசரம். குரல்வளை மூடி வீங்கியிருக்கலாம், தொண்டையின் பின்சுவரில் சீழ் கட்டியிருக்கலாம். ஹிப் என்ற பாக்டீரியாவுக்கான தடுப்பூசி வந்த பிறகு முதலாவது மிகவும் அரிதாகிவிட்டது, ஆனாலும் மறைந்துவிடவில்லை. படுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் என்ன என்று கரண்டி விட்டுப் பார்க்காதீர்கள், அதிலேயே மூச்சு அடைத்துக்கொள்ளலாம். எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அப்படியே தூக்கிக்கொண்டு அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, காய்ச்சலே இல்லாமல் நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று எச்சில் கொட்டி, சாப்பிட மறுத்து, குமட்டினால் எதையோ விழுங்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். காத்திருக்கவும் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தையாக இருந்து, பேட்டரி போய் 12 மணி நேரத்துக்குள் இருந்தால், மருத்துவமனைக்குப் போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டித் தேன், அதிகம்போனால் ஆறு தடவை கொடுக்கலாம் என்பது இப்போதுள்ள வழிகாட்டல். தேன் தேடப் போய்ப் புறப்படத் தாமதிக்கக் கூடாது. எச்சில் கொட்டுவதோடு வியர்த்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் பூச்சிமருந்து பட்டிருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும்.

பிறந்து ஓரிரு நாளேயான சிசுவின் வாயில் நுரை நுரையாகத் தள்ளிக்கொண்டே இருந்து, பால் கொடுத்தால் புரையேறி நீலம் பாய்ந்தால் உணவுக்குழாய் அடைபட்டுப் பிறந்திருக்கலாம். பாலை நிறுத்திவிட்டு உடனே சொல்ல வேண்டும்.

சரி, பையன்.

ஜொள்ளு பெரும்பாலும் 15, 18 மாதத்தில் குறைய ஆரம்பிக்கும். இரண்டு வயதில் எதிலாவது ஆழ்ந்திருக்கும்போது மட்டும் வடியும். நான்கு வயதுக்கு மேல் விழித்திருக்கும் நேரத்தில் வடிந்தால் அது இயல்பு இல்லை என்பது பொதுவான கணக்கு. தூக்கத்தில் தலையணை நனைவதை இதில் சேர்க்க வேண்டாம், அது பெரியவர்களுக்கும் உண்டு. (விழித்திருக்கும்போது பெரியவர்கள் விடும் ஜொள்ளு என் துறை இல்லை.) உங்கள் அக்கா பையன் அந்த எல்லைக்கு ஆறு மாதம் முன்னால் நிற்கிறான். "எப்பவும் ஈரம்" என்று எழுதியிருக்காவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம் என்றிருப்பேன்.

என்னிடம் வரும் இந்த வயதுக் குழந்தைகளிடம் நான் முதலில் எதுவும் செய்வதில்லை. நூலில் மணி கோக்கக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பையன் நினைவில் இருக்கிறான். மணியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான், நாக்கு நுனி வெளியே வந்தது, தலை குனிந்தது. கீழுதட்டில் ஒரு சொட்டு திரண்டது, இழையாக நீண்டது, மணி மேலேயே விழுந்தது. அவன் மணியைத் தொடையில் தேய்த்துவிட்டு மறுபடி கோக்கத் தொடங்கினான், ஆனால் வாயைத் தொடவே இல்லை. மணி ஈரமானது தெரிகிறது, முகவாய் ஈரமானது தெரியவில்லை. இவன் மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்தேன். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சமாகப் புகை படிந்தது. அம்மாவிடம் கேட்டால், "குறட்டை விடுவான், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்றார். மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து வழியை அடைத்திருந்தது. வாயால் மூச்சு விடுகிறவன் எப்படி உதட்டை மூடுவான்? மூடாத உதட்டோடு எப்படி விழுங்குவான்? மூக்கைச் சரிசெய்யாமல் நான் என்ன பயிற்சி கொடுத்திருந்தாலும் வீண்.

அதனால் "குடும்பமே இப்படித்தான்" என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பையனைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது வாய் திறந்தே இருக்கிறதா? குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், ஓயாத மூக்கடைப்பு, அடுக்குத் தும்மல் உண்டா? உண்டென்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். மூக்கு சுத்தமாக இருந்து, கடினமானதை மெல்லாமல் குழைந்ததாகவே கேட்கிறான், பேச்சு மற்றவர்களுக்குப் புரியவில்லை, நடையிலும் ஓட்டத்திலும் தடுமாற்றம் என்று இருந்தால் குழந்தை மருத்துவரும் என்னைப் போன்றவர்களும் சேர்ந்து பார்க்க வேண்டும். முன்பு நின்றுபோயிருந்த ஜொள்ளு மறுபடி தொடங்கியது என்றால் தாமதிக்கவே கூடாது. வலிப்புக்காக குளோனசெபாம், குளோபசாம் போன்ற மருந்து சாப்பிடுகிற குழந்தையென்றால் அதுவும் எச்சிலைக் கூட்டும். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாமல் எழுதித் தந்தவரிடம் கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. சூப்பானும் பால் பாட்டிலும் இன்னும் புழக்கத்தில் இருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். மூக்கு வைத்த டம்ளரும் வேண்டாம், நாக்கு முன்னால் நீண்டே பழகிவிடும். சாதாரண டம்ளரில் குடிக்கட்டும், இல்லையென்றால் ஸ்ட்ராவில். ஸ்ட்ராவைப் பல்லால் கடிக்காமல் உதட்டால் பிடிக்கிறானா என்று பாருங்கள், அதுதான் நமக்கு வேண்டிய உதட்டு வேலை. மென்று தின்ன வேண்டியதைத் தினமும் கொடுங்கள்.

"வாயைத் துடை" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்கள். அதில் அவன் கற்றது துடைக்க மட்டும்தான். இனி "உதட்டை மூடு, விழுங்கு" என்று சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் ஒற்றி எடுக்கட்டும். வரிசை முக்கியம், விழுங்கிய பிறகுதான் துணி. மூன்று வயதுக்கு மேல் கண்ணாடி முன் நிறுத்தி, முகவாயை நனைத்து "ஈரம்", ஒற்றிவிட்டு "காய்ஞ்சிருக்கு" என்று விளையாட்டாகக் காட்டலாம். கொஞ்ச நாளில் ஈரத்தை அவனே உணர்ந்து சொல்வான். மணிக்கட்டில் ஒரு துண்டுத் துணிப்பட்டை மாட்டிவிட்டால் யாரும் சொல்லாமல் தானே ஒற்றிக்கொள்வான். "ஜொள்ளுவாயா" என்று கூப்பிடுவதை மட்டும் வீட்டில் எல்லாரும் இன்றோடு நிறுத்த வேண்டும்.

சோப்புக்குமிழி ஊதுவது, பீப்பீ ஊதுவது எல்லாம் எல்லாரும் சொல்வார்கள். பசங்களுக்குப் பிடிக்கும், நானும் செய்ய வைப்பேன். ஆனால் ஊதுவது விழுங்கக் கற்றுத்தருவதில்லை. வாய்த்தசைப் பயிற்சிகள் ஜொள்ளைக் குறைக்கின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை கிடைக்கவும் இல்லை. ஒருநாளில் பத்து நிமிஷம் ஊதுவதைவிட, மூன்று வேளையும் நன்றாக மெல்வதைத்தான் நான் நம்புவேன்.

மருந்து, ஊசி பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். மூளைவாதம் போன்ற நரம்புப் பாதிப்புள்ள குழந்தைகளுக்கு ஜொள்ளு வருஷக்கணக்கில் நீடிக்கலாம். அவர்களுக்கும் பெரும்பாலும் சுரப்பு சாதாரணம்தான், விழுங்குவதுதான் சிரமம். கிளைகோபைரோனியம் என்ற மருந்து சுரப்பைக் குறைக்கும். மலச்சிக்கல், சிறுநீர் தேக்கம், முகம் சிவத்தல், வியர்வை குறைந்து வெயிலில் உடம்பு சூடேறுதல் என்று பக்கவிளைவும் உண்டு. எச்சில் குறைந்தால் பல் சொத்தையாகும் அபாயமும் கூடும். சுரப்பிகளில் போட்டுலினம் (போடாக்ஸ்) ஊசி போட்டால் சில மாதங்கள் பலன் இருக்கும், பிறகு மறுபடி போட வேண்டும். சும்மா இருக்கும் நேரத்தில் ஊறும் எச்சிலில் பெரும்பகுதி தாடைக்கு அடியிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருவதால் ஊசியும் அறுவை சிகிச்சையும் பெரும்பாலும் அவற்றையே குறிவைக்கும். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு எச்சில் வெளியே வராமல் பின்னால் வழிந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். சட்டை காய்ந்திருக்கும், நெஞ்சில் களகளவென்று சத்தம் கேட்கும், அடிக்கடி நிமோனியா வரும். வெளியே ஒழுகுவதைவிட ஆபத்தானது இது.

உங்கள் அக்காவுக்கு ஒரு வாரக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். எங்கள் துறையில் 1988-லிருந்து புழக்கத்தில் உள்ள ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. எவ்வளவு ஈரம் என்பதற்கு: காய்ந்திருந்தால் 1, உதடு மட்டும் ஈரம் என்றால் 2, முகவாய் வரை வந்தால் 3, சட்டை நனைந்தால் 4, கை, பொம்மை, மேசை எல்லாம் நனைந்தால் 5. எத்தனை தடவை என்பதற்கு: இல்லவே இல்லை 1, எப்போதாவது 2, அடிக்கடி 3, ஓயாமல் 4. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் இரண்டு எண்களையும் குறித்து, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதையும் ஒரு வார்த்தையில் எழுதினால் போதும். ஈரம் படம் வரையும்போது 4, ஓடி விளையாடும்போது 1 என்று வந்தால் ஒரு கதை. நாள் முழுக்க 4 என்றால் வேறு கதை. அந்தக் காகிதத்தோடு, அவன் உட்கார்ந்து வரையும்போது அவனுக்குத் தெரியாமல் ஒரு நிமிஷ வீடியோவும், தூங்கும்போது மூச்சுச் சத்தம் கேட்கிற மாதிரி ஒன்றும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். வரையும் வீடியோவில் மேசையின் உயரமும் கால் தரையில் படுகிறதா என்பதும் தெரிய வேண்டும். கால் தொங்கிக்கொண்டு மேசை தாழ்வாக இருந்தால் எந்தக் குழந்தையும் குனிந்துதான் உட்காரும், குனிந்தால் வழியத்தான் செய்யும்.